எம்.சி. ராஜாவை எந்த அளவுகோலால் அளப்பது?

குற்றச்சாட்டு வரையப்படாமலே தீர்ப்பு எழுதப்பட்ட வழக்கு எம்.சி. ராஜாவினுடையது. மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டவர், ஆகவே துரோகி என்ற ஒற்றை வரியில் அவரது அறுபது ஆண்டு வாழ்வு முடித்துவைக்கப்படுகிறது. எந்தக் கடமையை, யாருக்கு எதிராக மீறினார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை.

1883இல் பரங்கிமலையில் பிறந்தவர். பட்டம் பெற்று ஆசிரியரானவர். ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராக 1916இல் பொறுப்பேற்று, 1920இல் சென்னை சட்டமன்றத்துள் நுழைந்தார். பஞ்சமர், பறையர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் எனக் குறிக்க வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் 1922இல் அரசாணை பிறந்தது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிய புளியந்தோப்புக் கலவரத்தில் நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடருக்கு எதிராக நின்றபோது, அக்கட்சியோடு அவருக்கு ஏற்பட்ட பிளவு 1923இல் வெளியேற்றத்தில் முடிந்தது. பதவிக்காக எதையும் செய்பவர் என்போர் இந்த ஆண்டைக் கடந்து செல்லக் கூடாது.

இனி 1932. அதுவரை தனி வாக்காளர் தொகுதியைக் கோரியவர், இடஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத் தொகுதிக்கு மூஞ்சேயுடன் இசைந்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட, தாம் அழைக்கப்படாத பொறாமையே காரணம் என்பர். இருக்கலாம். ஆனால் உள்நோக்கத்தைச் சான்றின்றி ஊகிப்பது மதிப்பீடாகாது. செயலை அளப்போம்: அம்பேத்கரின் பேரம் நடந்துகொண்டிருந்த வேளையில் எதிர்த்தரப்புக்கு அவர் ஆயுதம் தந்தார். இது கடுமையான பிழை என்பதே என் முடிவு. அதே அளவுகோலை ஒரே சீராக வைத்தால், அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று பூனாவில் அம்பேத்கரும் கூட்டுத் தொகுதிக்கே கையெழுத்திட்டார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். வேறுபாடு நிர்ப்பந்தத்தில் இருக்கிறது: ஒருவர் காந்தியின் உண்ணாவிரதத்தின் முன் பணிந்து, வகுப்புவாரித் தீர்ப்பின் 71 இடங்களை 148 ஆக்கினார், மற்றவர் நெருக்கடி ஏதுமின்றி முன்வந்தார்.

கூட்டுத் தொகுதியின் பொருளை ஜவ்வாது மலை மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் பழங்குடித் தனித்தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே. இம்மலையின் மலையாளிகள் சமவெளிப் பெரும்பான்மையோடுதான் வாக்களிக்கின்றனர்.

அந்தப் பாடத்தை ராஜா 1938இல் கற்றார். பொது இடங்களில் சமூகத் தடைகளை அகற்றும் அவரது மசோதா அவ்வாண்டின் 21ஆம் சட்டமானது. கோயில் நுழைவு மசோதாவோ முதல்வர் ராஜகோபாலாச்சாரியின் எதிர்ப்பால் தோற்கடிக்கப்பட்டது. காந்தியிடம் முறையிட்டும் பயனில்லை. தனித்தொகுதிகளில் காங்கிரஸ் சார்பில் வென்றவர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தனர். 1932இல் அம்பேத்கர் அஞ்சியது இதைத்தான். பின்னாளின் இந்த அறிவைக் கொண்டு 1932இன் ராஜாவைத் தண்டிப்பதும், 1938இன் போராட்டத்தைக் காட்டி 1932ஐ மன்னிப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். இரு செயல்களையும் தனித்தனியே பதிய வேண்டும்.

1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவைச் சந்திக்க அம்பேத்கரோடு சேர்ந்து சென்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று காலமானார்.