நிலக்காட்சியும் நாட்டுணர்வும்: காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்கின் வாழ்வு

காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் (1774–1840) ஸ்வீடனின் ஆட்சிக்குட்பட்டிருந்த பொமரேனியாவில், கிரைப்ஸ்வால்டு நகரில் பிறந்தார். கோபன்ஹேகனில் ஓவியம் பயின்று 1798இல் டிரெஸ்டனில் குடியேறினார். ஜெர்மனி என்னும் ஒரே அரசு அன்று இல்லை. நெப்போலியனின் ஆதிக்கமே நிலவியது. எனவே நாட்டை அவர் நிலக்காட்சியில் தேடினார். 1814ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த ஓவியமொன்றில், பனி மூடிய ஊசியிலைக் காட்டின்முன் பிரெஞ்சு வீரன் ஒருவன் தனித்து நிற்கிறான். போர்க்களத்தைக் காட்டாமலே தோல்வி குறிப்பால் உணர்த்தப்படுகிறது.

விடுதலைப் போருக்குப்பின் மக்கள் விரும்பிய ஒன்றுபட்ட நாடு அமையவில்லை, மன்னராட்சிகளே நிலைபெற்றன. 1819இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் தேசிய இயக்கத்தை ஒடுக்கின. அதன் பின்னரும், அவ்வியக்கத்தார் அணிந்த பழைய ஜெர்மானிய உடையிலேயே தம் ஓவிய மாந்தரை அவர் படைத்தார். 1824இல் துணைப் பேராசிரியரானார். நிலக்காட்சி ஓவியத்துறைப் பொறுப்போ அவருக்குக் கிட்டவில்லை. புகழ் மங்கிய நிலையில் மறைந்த அவரை 1906ஆம் ஆண்டுப் பெர்லின் கண்காட்சி மீட்டெடுத்தது. பின்னர் நாசிகள் அவரைத் தமக்குரியவராக்க முயன்றனர். அவர் வாழ்நாளில் ஆள்வோர் ஐயுற்ற நாட்டுணர்வே இவ்வாறு பிற்கால ஆள்வோரின் கருவியாயிற்று.