கருவை உறைய வைத்த கொல்கத்தா மருத்துவர்: யார் இந்த சுபாஷ் முகோபாத்யாய்?

லேக் கார்டன்ஸுக்கு வடக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் சதர்ன் அவென்யூ. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் வாழ்ந்த இடம்.

கருமுட்டை வளர உத்தரவு போடுவது மூளை. அதைக் கொண்டுபோகும் ஜிஎன்ஆர்ஹெச், 10 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டி ஹார்மோன். நொதிகள் சில நிமிஷத்துல அதைத் துண்டாக்கிடும். மூளை விட்டுவிட்டு அனுப்பிக்கிட்டே இருக்கணும். முகோபாத்யாய் அடுத்த கட்டத்துக்குப் போனார்: சினைப்பையைத் தூண்டும் கோனாடோட்ரோபின் ஊசியை நேரடியாகப் போட்டார். உருவான கருவை உறைய வைத்தார். 1978 அக்டோபர் 3-ல் ‘துர்கா’ பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது.

மாநில அரசின் விசாரணைக் குழு நம்பவில்லை. 1981-ல் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அதே ஜூன் 19-ல், 50 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1997-ல் அவருடைய குறிப்புகளைப் படித்த விஞ்ஞானி ஆனந்த் குமார், அதுவரை தனக்கிருந்த ‘இந்தியாவில் முதல்’ என்ற பெருமையை அவருக்கே கொடுத்தார்.