டாக்டர் பட்டமில்லாத டைரக்டர்

கிழக்கேகோட்டையில் மாலை பஸ்ஸுக்குக் காத்திருப்போரில், வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்கள் பலர் உண்டு. அந்தப் படிப்பை நம் நாட்டில் நிலைநிறுத்திய ஒருவர், தாமே அந்தப் படிப்பைப் படித்தவர் அல்லர். அவர்தான் ரவி மத்தாய்.

அவருடைய குடும்பத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. கிழக்கேகோட்டையிலிருந்து மகாத்மா காந்தி ரோட்டில் வடக்கே போனால் பாளையம். அங்கே உள்ள கேரள சர்வகலாசாலைக்கு 1957-ல் முதல் துணைவேந்தராக வந்தவர் அவருடைய தந்தையார் டாக்டர் ஜான் மத்தாய்.

கோழிக்கோட்டில் பிறந்த ஜான் மத்தாய் சென்னையில் வக்கீலாகத் தொழில் தொடங்கியவர். பிறகு இங்கிலாந்து சென்று பொருளாதாரம் படித்து, 1920-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே மந்திரியும் அவரே. பின்னர் நிதி மந்திரியாக இருந்து, கொள்கை வேற்றுமையால் 1950-ல் பதவியைத் துறந்தார்.

கம்பெனியிலிருந்து கல்லூரிக்கு

மகன் ரவி 1927-ல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பி.ஏ. ஆனர்ஸ் முடித்துக் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் நிர்வாக உத்தியோகத்தில் அமர்ந்தார். ஆசிரியர் வேலைக்கென்று அவர் படிக்கவில்லை. எம்.ஏ.வும் இல்லை, டாக்டர் பட்டமும் இல்லை.

1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். எனப்படும் நிர்வாகக் கல்வி நிலையங்கள் தோன்றின. பாடம் நடத்த அனுபவசாலிகள் தேவைப்பட்டனர். ரவி மத்தாய் கம்பெனியை விட்டுக் கல்கத்தா நிலையத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

ஆமதாபாத் நிலையத்தை விஞ்ஞானி விக்ரம் சாராபாய் கௌரவ டைரக்டராகக் கவனித்து வந்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு நிர்வாகக் கல்லூரி துணை நின்றது. 1965-ல் அதன் முதல் முழுநேர டைரக்டராக ரவி மத்தாய் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. அவருக்குக் கீழே டாக்டர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருந்தனர்.

அங்கே பாடமுறையே வேறு. சாலைக் கடைத்தெருவில் ஒரு மண்டிக்காரரிடம் சரக்கு தேங்கிவிட்டது. வங்கிக் கடனோ தலைக்கு மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலையைக் குறைப்பதா, கடனுக்குக் கொடுப்பதா, காத்திருப்பதா? இப்படி ஒரு நிஜமான சிக்கலை முன்வைத்து, மாணவர்களையே வாதாடி முடிவெடுக்கச் செய்வார்கள். தொழிலில் அடிபட்டவரின் அனுபவம் அங்கே வீண் போவதில்லை.

டைரக்டர் சொன்னபடி ஆடும் இடமாக நிலையம் இருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. ஆசிரியர்களே கூடி முடிவெடுக்கும் வழக்கத்தை வளர்த்தார். வெளியார் தலையீட்டுக்கு இடம் தரவில்லை. டாக்டர் பட்டம் இல்லாத அவர் காலத்தில்தான், 1971-ல், டாக்டர் பட்டத்துக்கு இணையான ஆய்வுப் படிப்பு அங்கே தொடங்கியது.

நாற்காலியை விட்டவர்

நம் நாட்டில் நாற்காலியில் அமர்ந்தவர் எழுந்திருப்பது அரிது. ரவி மத்தாயோ 1972-ல், ஏழே ஆண்டுகளில், தாமாகவே பதவி விலகினார். வேறு ஊருக்கும் போகவில்லை. வேறு பெரிய பதவியும் தேடவில்லை. அதே நிலையத்தில் சாதாரணப் பேராசிரியராக, புதிய டைரக்டரின் கீழ் வேலை பார்த்தார். தலைவர் மாறினாலும் நிலையம் நடக்கும் என்பதை அவர் கண்ணெதிரே காட்டினார்.

அடுத்து அவர் போன இடம் ராஜஸ்தானில் அஜ்மீர் அருகே உள்ள ஜவாஜா. மழை பொய்த்த வறண்ட பூமி. 1975 முதல் அங்கே தோல் தொழிலாளரோடும் நெசவாளரோடும் அமர்ந்து பேசினார். ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிலையத்தாரும் கைகோத்தனர். பை முதலிய பொருள்களை நகரத்தார் விரும்பும் வகையில் செய்யவும், இடைத்தரகரை நம்பாமல் தாங்களே விற்கவும் அத்தொழிலாளர் கற்றனர். கம்பெனி அதிகாரிகளுக்கு உதவும் நிர்வாகக் கல்வி செருப்புத் தைப்பவருக்கும் உதவ வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

1984-ல் ரவி மத்தாய் காலமானார். ஆமதாபாத் நிலையத்தில் கல்விப் புதுமைகளுக்கான ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேல்படிப்பு வேண்டாம் என்பதல்ல இவர் வாழ்க்கை தரும் பாடம். படிக்கிறவர் படிக்கட்டும். ஆனால் கவுண்டரிலும் கணக்குப் புத்தகத்திலும் ஆண்டுக்கணக்கில் பெற்ற அனுபவமும் ஒரு படிப்புதான். அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க முன்வருகிறவர் எவரும் ஆசிரியரே.