பிரித்துப் பார்த்த கை: ஜி.டி.நாயுடு
(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் டிப்ளமோ)

நம் கொங்குச் சீமை எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறது. மில் கட்டியவர்கள், பனியன் கம்பெனி வைத்தவர்கள், ஏற்றுமதியில் கோடி பார்த்தவர்கள் என்று பட்டியல் நீளம். ஆனால் கையில் ஸ்பானர் பிடித்தே முதலாளி ஆனவர் யார் என்று கேட்டால் முதலில் வருகிற பெயர் ஜி.டி.நாயுடு. நம்ம கிளாஸில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியும். என்ன செய்தார் என்றால் மட்டும், ஏதோ கண்டுபிடித்தார் என்பதோடு பேச்சு நின்றுவிடும். பனியன் கம்பெனி ஆபீஸ்களில் கழித்துப் போட்ட பழைய சி.பி.யு.க்களை வாங்கி வந்து, ஒன்றில் இருக்கிற ரேமை இன்னொன்றில் மாட்டி, வீட்டிலேயே சிஸ்டம் அசெம்பிள் செய்கிற கோஷ்டி ஒன்று நம் ஹாஸ்டலில் உண்டு. அந்தக் கோஷ்டிக்கு எல்லாம் மூத்தவர் இவர்தான் என்பது என் கட்சி.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி சூலூர் பக்கம் கலங்கல் என்கிற கிராமத்தில் பிறந்தார். நமக்கு ரொம்ப தூரம் இல்லை, பல்லடம் வழியாகப் போனால் பக்கம்தான். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை, சீக்கிரமே நின்றுவிட்டது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்தார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பள்ளியை விட்டதை மட்டும் பெருமையாகச் சொல்கிறார்கள். புத்தகத்தை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

ஒரு நாள் ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்கிற இங்கிலாந்துக் கம்பெனி வண்டி. மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டி பார்க்காத பையனுக்கு, மாடு இல்லாமல் ஓடுகிற வண்டி எப்படி இருந்திருக்கும்! மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்த வண்டியை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மேசை துடைத்து, தட்டெடுத்து, காசு சேர்த்து, கடைசியில் முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் நெடுநாள் உட்கார்ந்து சாப்பிடுகிற பணம்.

வாங்கியதும் ஓட்டி ஊரைச் சுற்றினாரா என்றால், இல்லை. அக்கக்காகப் பிரிச்சுப் போட்டுட்டார்! இதுதான் அவர் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். அப்போதைய ரட்ஜ் வண்டிக்கு ஒற்றை சிலிண்டர், பின் சக்கரத்துக்குப் பெல்ட் ஓட்டம், பொறி கொடுக்க மேக்னெட்டோ. சர்வீஸ் மேனுவல் வைத்துச் சொல்லித்தர ஆள் கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது அது எதைத் தொட்டுக்கொண்டு இருந்தது, எதைத் தள்ளியது என்பதை மனசில் வாங்கிக்கொண்டால்தான் திரும்ப மாட்ட முடியும். மாட்டினார். வண்டி ஓடியது. அதற்குப் பிறகு அவர் ஒரு மெக்கானிக். முதன்முதலாக ஒரு மதர்போர்டைக் கழற்றி, தெர்மல் பேஸ்ட் தடவி, எஸ்.எம்.பி.எஸ். ஒயர்களைத் திரும்பச் சொருகி, பவர் பட்டனை அழுத்திவிட்டு அந்த ஒற்றை பீப் சத்தம் வருமா என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தவர்களுக்கு, அந்த வண்டி ஸ்டார்ட் ஆன நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நம்ம ஊர் வருகிறது. முதல் உலகப் போர் காலத்தில் திருப்பூரில் பருத்தி அரைவை வைத்து நன்றாகவே சம்பாதித்தார். அன்றைக்குத் திருப்பூர் பனியன் ஊர் இல்லை, பஞ்சு ஊர். சம்பாதித்த பணத்தோடு பம்பாய் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார், பணம் போய்விட்டது. மெஷினைப் படித்தவருக்கு மார்க்கெட் பிடிபடவில்லை. திரும்பி வந்து கோவையில் ஸ்டேன்ஸ் துரையிடம் வேலை. அந்த ஸ்டேன்ஸ் கொடுத்த கடனையும் தன் கைக்காசையும் சேர்த்து 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. நேரம் தவறாத பஸ் என்று பெயர் எடுத்தது. மற்ற பஸ் முதலாளிகள் டிரைவரை நம்பினார்கள், இவருக்கு எஞ்சினே தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து செய்த மின்சார மோட்டார் வெளியே வந்தது. இந்தியாவில் தயாரான முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியை நடத்தியவர். கோவை மோட்டார் பம்புசெட்டுக்குப் பேர் போன ஊர் ஆனதற்கு இந்த வேர் உண்டு. டார்ச் செல்லில் ஓடுகிற சின்ன மோட்டார் வைத்த ராசண்ட் ரேசர், மண்ணெண்ணெயில் சுற்றுகிற ஃபேன், பழச்சாறு பிழிகிற கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் பட்டறையிலிருந்து வந்தவை பல. நம் நாட்டுத் தேர்தலில் மின்னணு ஓட்டு இயந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது 1982-ல், கேரளாவில் பரவூரில். அதற்குள் நாயுடு காலமாகி எட்டு வருஷம்.

நான் நின்று பேச விரும்புவது ரேடியோவைப் பற்றி. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று நாயுடு அறிவித்தார். ரேடியோ என்பது பணக்காரர் வீட்டு ஹாலில், மேலே பூ வேலைத் துணி போர்த்தி வைத்திருந்த காலம் அது. வால்வு என்பது கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பி சூடாகி எலக்ட்ரானை விடும், நடுவில் இருக்கிற கிரிட் அதைக் கட்டுப்படுத்தும். நம்ம டிரான்சிஸ்டர் செய்கிற வேலையை அது சூட்டோடு செய்தது. ஐந்து வால்வு என்றால் பொதுவாக ஒன்று அலைவரிசையை மாற்ற, ஒன்று பெருக்க, ஒன்று குரலைப் பிரிக்க, ஒன்று ஸ்பீக்கரைத் தள்ள, ஒன்று ஏசியை டிசி ஆக்க. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பழைய வால்வு ரேடியோ எதையும் திறந்து பார்க்க பயம் வராது (மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான்! உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்).

அதே வால்வுதான் கம்ப்யூட்டருக்கும் முதல் உறுப்பு. 1946-ல் அமெரிக்காவில் வெளியான எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் சொந்தமாகக் கட்டி 1962-ல் டிஃப்ராக் என்று பெயர் வைத்த கம்ப்யூட்டரும் வால்வில்தான் ஓடியது. ஐந்து வால்வை வீட்டுக்கு வீடு கொடுக்கலாம் என்று கோவையில் ஒருவர் 1941-லேயே விலை போட்டிருக்கிறார் என்பதை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். பெரிய சாதனத்தை ஒரு கட்டடத்துக்குள் கட்டுவது ஒரு புத்தி. சின்ன சாதனத்தை சாமானியன் கைக்குக் கொண்டுவருவது இன்னொரு புத்தி. நாயுடுவுக்கு இருந்தது இரண்டாவது.

1952-ல் வந்த காரும் அதே ஜாதிதான். இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை இரண்டாயிரம் ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை, தயாரிப்பு நின்றது. வரி மேலும் அவருக்குத் தீராத கோபம். 1950-களில் அதை எதிர்த்துத் தன் கருவிகளையே ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தார். கோபம் நியாயம் என்று வைத்துக்கொண்டாலும், உடைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிரிப்பது வேறு, உடைப்பது வேறு. அதில் ஒன்றையாவது ஒரு தொழிற்பள்ளிப் பையன்களிடம் கொடுத்திருந்தால் அவர்கள் ஸ்குரூ ஸ்குரூவாகக் கழற்றிப் படித்திருப்பார்கள்.

வருஷ வரிசை கொஞ்சம் மாறிவிட்டது, பரவாயில்லை. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மிக முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். 1945-ல் நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் இரண்டுக்கும். அந்தக் கல்லூரிதான் இன்றைக்குத் தடாகம் ரோட்டில் இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளியைப் பாதியில் விட்டவர் அங்கே முதல்வராக உட்கார்ந்தார்! உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. நாலு வருஷப் படிப்பு மாணவன் நேரத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷத்தில் அத்தனையும் சொல்லித்தர முடியும் என்று வாதாடினார். வெள்ளைக்கார அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு இறங்கிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அம்மா பவர் டேபிளில் தைக்கிறாங்க, அப்பா சாயப்பட்டறை. மூன்று வருஷம் நான் வேலைக்குப் போகாமல் இருப்பது எங்கள் வீட்டுக்கு மூன்று வருஷச் சம்பளம். அதனால் மாணவன் நேரம் என்று நாயுடு சொன்னது எனக்கு நேரமாகப் படவில்லை, அம்மாவின் ஓவர்டைமாகத்தான் பட்டது. ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு கேபினெட்டைக் கூடத் திறக்காமல், ரெக்கார்டு நோட்டில் படம் மட்டும் வரைந்து மார்க் வாங்கினால் அது யார் பணத்தில் நடக்கிறது என்று நாமும்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மோட்டார் சைக்கிளைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். பெல்ட் சுற்றுவது தெரியும், பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். ஒரு சிப்பைப் பிரித்தால் என்ன தெரியும்? கறுப்புத் தூள்தான். அதற்குள் ஓடுவதைப் பிடிக்க பூலியன் கணக்கு வேண்டும், டைமிங் டயகிராம் வேண்டும், உட்கார்ந்து படிக்க நாள் வேண்டும். நாயுடு பஸ்ஸையும் மோட்டாரையும் மனசில் வைத்துப் போட்ட கணக்கு அது. இரண்டு வருஷமா நாலு வருஷமா என்பதை விட, அதில் எத்தனை மணி நேரம் கை பொருள் மேல் இருந்தது என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. நம் ஊரில் பழைய எம்ப்ராய்டரி மெஷின்களில் டிசைன் ஏற்ற பிளாப்பி டிரைவ் இருக்கும். இப்போது பிளாப்பி கிடைப்பதில்லை என்று, அந்த இடத்தில் பென் டிரைவ் சொருகுகிற ஒரு பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். மெஷினுக்கு அது இன்னும் பிளாப்பிதான் என்று நினைப்பு! அதைச் சரியாக மாட்ட ஸ்குரூ டிரைவரும் வேண்டும், அந்த முப்பத்து நாலு பின் கேபிளில் எது என்ன என்ற படிப்பும் வேண்டும்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1975 ஜனவரி இதழில், அமெரிக்காவில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஆல்டேர் 8800 என்கிற பெட்டியை அட்டையில் போட்டது. இன்டெல் 8080 சிப், வெறும் 256 பைட் மெமரி. கீபோர்டு கிடையாது, ஸ்கிரீன் கிடையாது. முன்பக்கம் சுவிட்சுகளும் சின்ன விளக்குகளும் மட்டும். பாகங்களாகத் தபாலில் வரும், வாங்கியவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து தானே சால்டர் வைத்துக் கட்ட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் காலம் அங்கே தொடங்கியது. அந்தக் கிட் ஒன்று கோவைக்கு வந்து, எண்பத்தி இரண்டு வயது நாயுடு கையில் கிடைத்திருந்தால்? முதலில் விலையைக் கேட்டுத் திட்டியிருப்பார், அப்புறம் அதைவிட மலிவாகச் செய்கிறேன் என்று கிளம்பியிருப்பார் என்பது என் யூகம்.

அவர் செய்த கருவிகளைக் கோவை அவிநாசி ரோடு பிரசிடென்ட் ஹாலில் இருக்கிற கண்காட்சியில் பார்க்கலாம். 1967-ல் அவர் இருக்கும்போதே அமைத்தது. 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் ஜி.டி.நாயுடு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து போகிறவர்கள் ஒன்று கவனிக்கவும்: மேம்பாலத்தில் ஏறிவிட்டால் கண்காட்சி கண்ணில் படாமலே ஊருக்குள் போய் இறங்கிவிடுவீர்கள். கீழே ஓடுகிற டவுன் பஸ்ஸைப் பிடியுங்கள்.