படிவத்தில் இருக்கும் பேர்

புதுமைப் பெண் திட்டத்துக்கு நம்ம பிள்ளைங்க படிவம் போடும்போது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் என்ற பேரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் தாலிக்குத் தங்கம் வந்ததும் இதே பேரில் இருந்த திட்டத்தில்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்தப் பேர் வராத குழு இருக்காது. ஆனால் அந்த அம்மா யாரு?

நான் குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிறவள். கதைப் புத்தகமும் படிப்பேன், அதுவும் பிடிவாதக்காரப் பெண்களோட கதைன்னா விடமாட்டேன். கதையையும் எழுதி, அந்தக் கதையைவிடப் பெரிய வாழ்க்கையும் வாழ்ந்தவர் இவர் என்பது என் எண்ணம்.

1883-ல் திருவாரூரில் பிறந்தார். வீட்டில் வறுமை. மூவலூரில் ஒரு தாசியிடம் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் குழந்தையைக் கொடுத்துவிட்டார் அம்மா. படிக்கும்போது இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெத்தவளைத் திட்டத் தோணும். ஆனா அவசரத்துக்குக் கடன் கொடுக்க அவளுக்கு ஒரு குழு இருந்ததா? கந்து வட்டிக்காரன் வாசலில் நின்றால் என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாததா?

அந்த வீட்டில் பாட்டும் ஆட்டமும் கற்றார். வயதுக்கு வந்ததும் ஒரு கிழவருக்கு முடித்துவைக்கப் பார்த்தார்கள். மறுத்துவிட்டு, தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. பெண் குழந்தைகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து வீடு வீடாகப் போய்ப் பேசினார். முதலில் காங்கிரஸ், பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கம்.

1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்று ஒரு நாவல் எழுதினார். மைனர் என்றால் சொத்தை ஊதாரித்தனமா அழிக்கிற பணக்காரப் பையன். அவனைத் தாசி வீட்டில் எப்படி வளைப்பார்கள், அவன் சொத்து எப்படிக் கரையும் என்று உள்ளே இருந்து பார்த்தவராக எழுதியிருக்கிறார். அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்து, மற்ற பெண்களையும் வெளியே கொண்டுவரப் பாடுபடும் பெண்களும் அதில் உண்டு. வயசான தாசிகள்மேல் அவர் காட்டும் கோபம் எனக்குக் கொஞ்சம் அதிகமாப் பட்டது. அவங்களும் ஒரு காலத்தில் பொட்டுக் கட்டப்பட்ட குழந்தைங்கதானே? ஆனா பட்டவர் அவர், படிக்கிறவள் நான்.

அவர் நடந்த இடம் நமக்குப் பக்கம்தான். 1938 ஆகஸ்டில் பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நூறு பேர் அளவில் நடந்து வந்தார்கள். 42 நாள் நடை. கூடவே நடந்த அம்மையாருக்கு அப்போ 55 வயசு. நம்மில் பலருக்கு அந்த வயசில் மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்குது. அந்த நவம்பரில் வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுத்தது அந்த மாநாட்டில்தான். மறுநாள் இந்து தியாலஜிகல் பள்ளி முன்னால் மறியல் செய்து, டாக்டர் தர்மாம்பாள் போன்றவர்களோடு கைதாகி ஆறு வாரம் சிறையில் இருந்தார். மின்ட் பக்கம் சாமான் வாங்கப் போறப்ப அந்த வழியாத்தான் போறோம்.

பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டத்துக்குச் சட்டசபையில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தெருவில் இறங்கிப் பேசியவர் இவர். 1947-ல் சட்டம் வந்ததைப் பார்த்தார், 1962-ல் இறந்தார்.

அவர் பேரில் 1989-ல் வந்தது கல்யாண உதவித் திட்டம். 2022-ல் அதையே மேற்படிப்புக்கு மாற்றினார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். அதைத் தொடங்கிவைத்தது நம்ம பிள்ளைங்க போற பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில். தங்கத்தைவிட இதுதான் அந்த அம்மாவுக்குப் பிடிச்சிருக்கும்னு நான் சொல்வேன். தங்கம் போச்சேன்னு வருத்தப்படுற அக்காங்க என்கூடச் சண்டைக்கு வரலாம்.

நாவல் கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் இருக்கு. எடுத்துட்டுப் போறவங்க நோட்டில் பேர் எழுதிட்டுப் போங்க.