கணக்கு தவறாத பற்றின்மை

பற்றின்மையைப் போற்றாத சமயம் இந்திய மண்ணில் இல்லை எனலாம். ஆனால், மனிதத் தேவைகள் எல்லையற்றவை என்ற பாடத்தைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய எனக்கு அந்தச் சொல்லின் மீது நெடுங்காலம் ஓர் ஐயம் இருந்தது. உள்ளவர்கள் இல்லாதவர்களை அமைதிப்படுத்தக் கையாளும் சொல்லோ அது என்பதே அந்த ஐயம். சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக்கின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அது விலகத் தொடங்கியது.

நானக் 1469-ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் நன்கானா சாஹிப் என்று வழங்கும் தல்வண்டியில் பிறந்தார். தந்தை மேத்தா காலு கிராமக் கணக்கர். லாபம் தரும் சரக்கு வாங்கி வருமாறு தந்தை 20 ரூபாய் கொடுத்து அனுப்ப, வழியில் பசியோடு இருந்த சாதுக்களுக்கு உணவளித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார் மகன். ஜனம்சாக்கிகள் என்னும் மரபுவழி வரலாறுகள் இதைக் கூறுகின்றன. அந்தத் தந்தையின் கோபம் எனக்குப் புரிகிறது. முதலீட்டையே இழந்து வந்த பிள்ளையை எந்தக் கணக்கர்தான் மெச்சுவார்?

அந்தப் பிள்ளைதான் பின்னர் சுல்தான்பூரில், தௌலத் கான் லோடியின் தானியக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். தமக்கை நானகியின் கணவர் ஜெய்ராம் பெற்றுத் தந்த வேலை அது. மணமாகி இரு மகன்களுக்குத் தந்தையான நானக், வரியாக வந்த தானியத்தை அளந்து கொடுத்து ஊதியத்தில் வாழ்ந்தார்.

பஞ்சாபி மொழியில் பதின்மூன்றைக் குறிக்கும் 'தேரா' என்ற சொல்லுக்கு 'உன்னுடையது' என்றும் பொருள் உண்டு. தானியத்தை அளக்கும்போது பதின்மூன்றுக்கு வந்ததும், எல்லாம் இறைவனுடையதே என்ற நினைவில் தோய்ந்து, அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அளந்துகொண்டே இருப்பாராம். களஞ்சியம் காலியாகிறது என்று புகார் எழுந்தது. தணிக்கை நடந்தது. கணக்கில் ஒரு மணியும் குறையவில்லை என்கிறது மரபு. இதில் அற்புதம் எதையும் நான் தேடவில்லை. பொருளின் மீது உரிமை கொண்டாடாத ஒருவர் பொருளின் கணக்கைக் கைவிடவில்லை என்பதே எனக்குப் போதுமானது.

பேயீன் ஆற்றில் நீராடச் சென்று மூன்று நாள்கள் காணாமற்போய்த் திரும்பிய பின் நானக் வேலையைத் துறந்தார். மர்தானா என்ற இஸ்லாமிய இசைக் கலைஞர் ரபாப் மீட்ட, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நடந்தார். இந்த இடத்தில் அவருக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் முற்பட்ட கௌதம புத்தர் நினைவுக்கு வருவது இயல்பு. 29-ஆம் வயதில் மனைவியையும் பச்சிளம் மகனையும் விட்டு வெளியேறிய சித்தார்த்தர், வீட்டு வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. துயரின் வேர் வேட்கை என்று கண்டு, வேட்கையை அறுக்கும் வழிக்குத் துறவியர் சங்கத்தை அமைத்தார்.

ஆயினும் புத்தர் எல்லோரையும் காவி உடுத்தச் சொல்லவில்லை. சிராவஸ்தியில் ஜேதவனத்தை வாங்கி அளித்த அநாதபிண்டிகர் இறுதிவரை இல்லறத்தாராகவே இருந்தார். துறவியரின் பிச்சைப் பாத்திரத்தை நிரப்பியது இத்தகைய இல்லறத்தாரின் உழைப்பே. நானக் அந்த இடைவெளியை மூட முயன்றார். இல்லறத்தை இகழ்ந்துவிட்டு இல்லறத்தாரின் வாசலிலேயே கையேந்தும் யோகிகளை அவர் கண்டித்தார். உழைத்து உண்பதும், பகிர்ந்து உண்பதும், இறைவன் பெயரை நினைப்பதும் அவருக்கு ஒரே நெறியின் மூன்று கூறுகள்.

ஏற்றல் என்பதிலும் இருவரும் அருகருகே வந்து பிரிகிறார்கள். புத்தருக்கு அது நிலையாமையை உள்ளபடி காண்பது. தமக்குக் கடைசி உணவளித்த கொல்லர் சுந்தன் குற்ற உணர்வில் வருந்தக் கூடாதே என்று, மரணப் படுக்கையிலும் ஆனந்தரிடம் அக்கறையோடு சொல்லி வைத்தார். நானக்குக்கோ அது 'ஹுக்கம்' எனப்படும் இறைவனின் ஆணைக்கு இசைவது.

அப்படியானால் அநீதியும் இறைவனின் ஆணைதானா? என் பழைய ஐயம் இங்கேதான் நின்றிருந்தது. 1521 வாக்கில் பாபரின் படை சைத்பூரைச் சூறையாடியபோது நானக் மௌனமாக இருக்கவில்லை. பாபர்வாணி என்றழைக்கப்படும் அவருடைய பாடல்கள் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லி அழுகின்றன, நாட்டைக் காக்கத் தவறிய ஆட்சியாளர்களைச் சாடுகின்றன, படைத்தவனிடமே முறையிடுகின்றன. தமக்கு நேர்வதை ஏற்பது வேறு, பிறருக்கு இழைக்கப்படும் தீங்கைப் பார்த்தும் பாராதிருப்பது வேறு என்ற பாடத்தை அங்கேதான் கற்றேன்.

பயணங்கள் முடிந்தபின் நானக் ராவி நதிக்கரையில் கர்தார்பூரில் குடியேறினார். யாத்திரை உடையைக் களைந்து, குடும்பத்தோடு வாழ்ந்து, நிலத்தில் பயிரிட்டார். சாதி பாராமல் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் லங்கர் அங்கே வேரூன்றியது.

கடைசிச் சோதனை வாரிசு. மூத்த மகன் ஸ்ரீசந்த் உலகைத் துறந்தவர். பின்னாளில் உதாசி துறவியரின் முதல்வராகப் போற்றப்பட்டவர். ஆனால் நானக் அவரையோ இளைய மகன் லக்மி தாஸையோ தேர்ந்தெடுக்கவில்லை. சேறு சொட்டும் புல்கட்டைத் தயங்காமல் தலையில் சுமந்தவர் என்று மரபு கூறும் சீடர் லெஹ்னாவுக்கு அங்கத் என்று பெயரிட்டு, அவரை அடுத்த குருவாக்கினார். 1539-இல் மறைந்தார். இரத்தப் பற்றையும், தாம் எழுப்பிய அமைப்பின் மீதான உரிமையையும் ஒரே முடிவில் இறக்கி வைத்த செயல் அது.

பணத்தின் மீது எனக்குப் பெரிய பற்று இருந்ததில்லை என்று நான் நினைத்துக்கொண்டதுண்டு. ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நான் வடிவமைத்து இருபது ஆண்டுகள் நடத்திய பாடத்தை, என் இடத்துக்கு வந்த இளம் பேராசிரியர் முழுவதுமாக மாற்றி அமைத்தார். அதற்காக என் குறிப்பேடுகளை அவர் கேட்டபோது, எங்கோ தொலைந்துவிட்டன என்று பொய் சொன்னேன். அவை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. இல்லறத்தையோ செல்வத்தையோ துறப்பதைவிட, என்னுடையது என்ற சொல்லைத் துறப்பதுதான் கடினம் என்று அன்று அறிந்தேன்.

கர்தார்பூர் வரலாற்றைப் படித்து முடித்த வாரத்தில், அந்தக் குறிப்பேடுகளை நானே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். என் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். அவர் அவற்றில் எதைக் கொள்வார், எதைத் தள்ளுவார் என்று நான் கேட்கவில்லை. அது இனி அவருடைய கணக்கு.