அம்பேத்கர் பெயருக்கு முன்னால் இருக்கும் 'டாக்டர்': 14 வருடம் இழுத்த பட்டத்தின் கதை

1927-ம் ஆண்டு மார்ச் 20. மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் உள்ள சவுதார் குளத்தில் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். அவருக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களும் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் மீது கல்லும் தடியும் பாய்ந்தன. பிறகு அந்தக் குளத்துக்கே 'தீட்டுக் கழிக்கும்' சடங்கும் நடந்தது.

இது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 8-ம் தேதி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அதே மனிதருக்குப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வழங்கியது.

டாக்டர் அம்பேத்கர் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த 'டாக்டர்' எதற்காகக் கிடைத்தது, எத்தனை முறை கை நழுவப் பார்த்தது என்பது பலருக்கும் தெரியாது. பார்க்கலாம்.

மொத்தம் எத்தனை டாக்டர் பட்டம்?

அம்பேத்கர் முப்பதுக்கும் மேற்பட்ட பட்டங்கள் வாங்கியவர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உண்மைக் கணக்கே போதும்.

ஆய்வேடு எழுதி அவர் பெற்ற முனைவர் பட்டங்கள் இரண்டு. ஒன்று, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்து 1923-ல் பெற்ற டி.எஸ்சி. இன்னொன்று, கொலம்பியாவின் பிஎச்.டி. இரண்டுமே பொருளாதாரத்தில். இவை தவிர, பின்னாளில் கொலம்பியா 1952-லும், ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1953-லும் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன.

எம்.ஏ., எம்.எஸ்சி., பாரிஸ்டர் எல்லாம் தனிக் கணக்கு.

நியூயார்க் போக யார் பணம் கொடுத்தது?

1891-ல் பிறந்த அம்பேத்கர், பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார அனுமதிக்கப்படவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்துத் தனியே உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிப் பியூன் மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் வரவில்லை என்றால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

அங்கிருந்து மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரி வரை வந்து, 1912-ல் பி.ஏ. தேர்வில் வென்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அப்பா ராம்ஜி காலமானார். குடும்பத்துக்கு வருமானம் இல்லை. அந்த நேரத்தில்தான் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகை கிடைத்தது. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. படித்து முடித்து வந்ததும் பத்து வருடம் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பொருளாதாரத்தில் மட்டுமே 29 பாடங்கள் எடுத்தார். அதோடு வரலாறு, சமூகவியல், மானுடவியல், தத்துவம். பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி போன்றவர்கள் அவருக்கு ஆசிரியர்கள். 1915-ல் எம்.ஏ. முடித்தார். 1916 மே மாதம், இந்தியாவில் சாதி எப்படி உருவானது என்பது பற்றி மானுடவியல் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25.

படிப்பு முடிந்தும் பட்டம் ஏன் வரவில்லை?

இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் கொலம்பியாவில் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அதைப் புத்தகமாக அச்சடித்து, பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தால்தான் பட்டம் கைக்கு வரும். வசதியான வீட்டுப் பையனுக்கு அது ஒரு சம்பிரதாயம். மாத உதவித்தொகையில் வாழ்ந்த அம்பேத்கருக்கு அது பெரிய சுவர்.

பட்டம் கைக்கு வராமலேயே 1916-ல் லண்டன் போனார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரம், கிரேஸ் இன்னில் சட்டம் என இரண்டிலும் சேர்ந்தார். ஒரு வருடம்கூட முழுதாகப் படிக்கவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, திரும்பி வா என்று பரோடா அழைத்தது. நான்கு வருடத்துக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு, 1917-ல் கப்பல் ஏறினார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவருடைய புத்தகங்கள் வேறொரு கப்பலில் வந்தன. ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி அந்தக் கப்பல் மூழ்கியது. அவர் பத்திரமாக வந்து சேர்ந்தார், சேர்த்த புத்தகங்கள் வரவில்லை.

பரோடாவில் 11 நாள்

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்குப் பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சி பெயரைச் சொல்லித் தங்கினார். அலுவலகத்தில் அவருக்குக் கீழே இருந்தவர்களே, கைபட்டால் தீட்டு என்று கோப்புகளைத் தூக்கிப் போட்டார்கள்.

பதினோராவது நாள் காலை, தடிகளோடு ஒரு கூட்டம் விடுதிக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். போக இடமில்லாமல் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்தார். அன்றிரவே மும்பைக்கு ரயில் ஏறினார். பல வருடம் கழித்து தன் அனுபவங்களை எழுதியபோதும், இதை நினைத்தால் கண் கலங்காமல் இருக்க முடியவில்லை என்ற பொருளில்தான் அவர் பதிவு செய்திருக்கிறார்.

லண்டன் அனுமதிக்கு இருந்தது நான்கு வருடம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி லண்டன்: இந்த முறை கடனில்

1918-ல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவும் உதவினார். 1920-ல் மறுபடி லண்டன்.

மும்பையில் குடும்ப பாரம் முழுவதும் மனைவி ரமாபாய் தலையில். அவரும் பிள்ளைகளும் பட்ட கஷ்டம் இந்தப் பட்டங்களின் விலையில் சேர்ந்ததுதான்.

லண்டனில் காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போவார், மூடும்போதுதான் வெளியே வருவார். மதியச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் காசு இல்லை. இரவில் பசி தாங்காமல் அப்பளம் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1921-ல் எம்.எஸ்சி. முடித்தார். 1922 அக்டோபரில் டி.எஸ்சி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தலைப்பு: ரூபாயின் பிரச்சினை.

ரூபாய்க்கு அப்படி என்ன பிரச்சினை?

அப்போது ரூபாய் என்பது வெள்ளி நாணயம். பிரிட்டனின் பவுண்டு தங்கத்தை அடிப்படையாகக் கொண்டது. 1870-களில் இருந்து உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங் மதிப்பில் இருந்த ரூபாய், இருபது வருடத்தில் ஒன்றேகால் ஷில்லிங் அளவுக்கு இறங்கியது. இந்தியாவில் வெள்ளியாக வரி வசூலித்து, லண்டனுக்குத் தங்கக் கணக்கில் பணம் அனுப்பிக்கொண்டிருந்த அரசுக்கு இது பெரிய அடி.

1893-ல், மக்கள் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்து நாணயமாக அடித்துக்கொள்ளும் வசதியை அரசு நிறுத்தியது. பிறகு ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று கட்டி வைத்தது. எவ்வளவு ரூபாய் அச்சடிக்கலாம் என்பது அரசின் கையில். இந்த ஏற்பாடு நல்லது என்று ஜான் மேனார்டு கெய்ன்ஸ் 1913-லேயே புத்தகம் எழுதியிருந்தார். பின்னாளில் 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய பொருளாதார அறிஞர் என்று பேரெடுத்தவர் அவர்.

அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. அவர் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பவுண்டுக்கு எதிராக ரூபாய் ஆடாமல் நின்றால் மட்டும் போதாது. கடைத்தெருவில் அந்த ரூபாய் என்ன வாங்கித் தரும் என்பதுதான் முக்கியம். நினைத்தபோது நாணயம் அடிக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தால், விலைவாசி ஏறும். கூலிக்கு வேலை செய்பவன்தான் முதலில் அடிபடுவான். அதனால் புது ரூபாய் அடிப்பதையே நிறுத்த வேண்டும், தங்க நாணயம் புழக்கத்துக்கு வர வேண்டும் என்றார்.

இந்திய நாணயக் கொள்கையை லண்டன் எப்படி நடத்தியது என்பதை, அரசு ஆவணங்களை வைத்தே, லண்டனில் உட்கார்ந்து, ஒரு இந்திய மாணவர் பிரித்து மேய்ந்திருந்தார்.

தேர்வாளர்கள் என்ன சொன்னார்கள்?

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு படிக்க ஜெர்மனியின் பான் நகருக்குப் போயிருந்தார் அம்பேத்கர். 1923 மார்ச்சில் லண்டனிலிருந்து செய்தி வந்தது. ஆய்வேடு அப்படியே ஏற்கப்படவில்லை, திருத்தி எழுத வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியை அது கடுமையாக விமர்சித்ததே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது.

கையில் இருந்த காசு தீர்ந்துபோயிருந்தது. ஏப்ரலில் மும்பை திரும்பினார். வக்கீல் தொழிலைத் தொடங்கிக்கொண்டே ஆய்வேட்டைத் திருத்தினார். வார்த்தைகளை மாற்றினார், முடிவுகளை மாற்றவில்லை. ஆகஸ்டில் மறுபடி சமர்ப்பித்தார். நவம்பரில் ஏற்கப்பட்டது. டிசம்பரில் லண்டனில் புத்தகமாகவே வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தின் முன்னுரை சுவாரஸ்யமானது. எழுதியவர் அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன். அம்பேத்கரின் வாதங்களில் பெரும்பாலானவை தனக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆனால் தவறு என்று தோன்றிய இடத்தில்கூட அந்தச் சிந்தனையில் புதுமை இருந்தது என்றும் எழுதினார். மாணவர் பேராசிரியரோடு ஒத்துப்போய்ப் பட்டம் வாங்கவில்லை, எதிர்வாதம் வைத்து வாங்கினார்.

புத்தகத்தைத் தன் பெற்றோர் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார்.

கொலம்பியா பட்டம் எப்போது கிடைத்தது?

நியூயார்க் பாக்கி இன்னும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்ற ஆய்வு 1925-ல் லண்டனில் புத்தகமாக வந்தது. முன்னுரை, பழைய ஆசிரியர் செலிக்மன். காணிக்கை, பரோடா மன்னர் சாயாஜிராவுக்கு.

அச்சுப் பிரதிகள் கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்து, 1927 ஜூனில் பட்டம் வந்தது. அங்கே முதல் வகுப்பில் உட்கார்ந்து 14 வருடம் ஆகியிருந்தது.

இந்த ஆய்வின் விஷயம் நமக்கு இன்றைக்கும் பழக்கமானதுதான். வரியை யார் வசூலிப்பது, அதில் மாகாணத்துக்கு எவ்வளவு போக வேண்டும், செலவுக்குப் பொறுப்பு யார்? 1871-ல் இருந்து 1921 வரை இந்தப் பங்கீடு எப்படியெல்லாம் மாறியது என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் மாநிலங்கள் எழுப்பும் நிதிப் பங்கீட்டுக் கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது.

ரிசர்வ் வங்கியை உருவாக்கியது அவர்தானா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இந்திய நாணய முறையை ஆராய வந்த ஹில்டன் யங் கமிஷன் முன் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். அந்தக் கமிஷன் 1926-ல் கொடுத்த அறிக்கைதான் மத்திய வங்கி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1935 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. கமிஷன் முன் சாட்சி சொன்ன பலரில் அவரும் ஒருவர். அவர் தனியாக உருவாக்கினார் என்பது மிகை. அந்த விவாதத்தில் அவர் குரல் இருந்தது என்பது உண்மை.

பிறகு என்ன செய்தார்?

மாதம் பதினொன்றரை பவுண்டு நின்றுபோனால் ஒரு ஆய்வு எப்படி நடுவழியில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி கேட்டு மனு கொடுத்தார். அந்த முயற்சியில் வந்ததுதான் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை. 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மும்பையில் சித்தார்த் கல்லூரி திறந்தது.

1952-ல் கொலம்பியா அவரை மறுபடி அழைத்தது. அரசியல் சட்டம் இயற்றியதில் அவருடைய பங்கைப் போற்றி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இந்த முறை பிரதி அச்சடிக்கக் காசு தேட வேண்டியிருக்கவில்லை.